பிரிஸில் புழுவைக் கொல்லச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பவளத் தொட்டி வளர்ப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். உப்புநீர்த் தொட்டியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு, அதனால் முதலில் நன்றி. உப்பின் அளவு, விளக்கு, தண்ணீர் மாற்றும் முறை எல்லாவற்றையும் சரியாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், பாறையில் பிரிஸில் புழு (உடம்பில் சுணை உள்ள கடல் புழு) தென்பட்டால் உடனே எடுத்துக் கொன்றுவிடுங்கள், இல்லையென்றால் பவளத்தைத் தின்று தீர்த்துவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். புதிதாகத் தொட்டி வைக்கிற ஒருவர் அதை நம்பி இடுக்கியோடும் மருந்தோடும் இறங்கினால், தொட்டியில் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கும் உயிரைத்தான் முதலில் கொல்வார்.

முதல் தடவை பார்க்கிறவர்கள் அரண்டுபோவது இயல்புதான், அதை நான் குறை சொல்லவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் பாறை இடுக்கிலிருந்து பூரான் மாதிரி ஒன்று நெளிந்து வரும், உடம்பின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகச் சுணை, வெளிச்சம் பட்டதும் வந்த வேகத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர் யார்? ஆனால் அது மண்புழு, அட்டை எல்லாம் சேர்ந்த வளைதசைப் புழுக்கள் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் பாலிகீட்டா என்ற பிரிவு இருக்கிறது, கடலில் வாழும் பல்லாயிரம் வகைப் புழுக்கள் அதில் அடங்கும். விசிறி மாதிரி விரியும் ஃபெதர் டஸ்டர் புழுவையும், பவளத்தின் மேல் சின்னச் சின்ன வண்ணக் கூம்புகளாக நிற்கும் கிறிஸ்துமஸ் ட்ரீ புழுவையும் காசு கொடுத்து வாங்கி ஆசையாக வைக்கிறோம் இல்லையா, அவையும் பாலிகீட்டாக்கள்தான். பாறைத் துளையிலிருந்து நூல் நூலாக நீட்டிக் குப்பையைத் துழாவும் ஸ்பகெட்டி புழுவும் அப்படியே. பார்க்க அழகாக இல்லை என்பதற்காக ஒன்றை மட்டும் குற்றவாளி ஆக்கக் கூடாது.

வீட்டுத் தொட்டிகளில் அதிகமாகத் தென்படுவது யூரிதோ வகை. இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த உடம்பு, ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கமும் ஒரு கொத்து வெள்ளைச் சுணை. இது வேட்டையாடுகிற புழு இல்லை, கிடைத்ததைத் தின்று வாழ்கிற புழு. என் தொட்டியில் சிவப்பு விளக்கு வைத்து இதை நிறைய நேரம் பார்த்திருக்கிறேன் (வெள்ளை வெளிச்சம் என்றால் ஓடிவிடும், சிவப்பை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை). மீன் தின்னாமல் விட்ட ஒரு தீவனக் குருணை பாறைக்குப் பின்னால் விழுந்து கிடக்கும். முதலில் தலை மட்டும் வெளியே வரும், மணலை அங்கங்கே தொட்டுத் தொட்டுப் பார்க்கும், குருணைக்கு நேராகப் போகாமல் இடமும் வலமும் அலைந்துதான் வந்து சேரும். வந்ததும் வாயை வெளியே தள்ளிக் குருணையைக் கவ்வும், உடனே பின்பக்கமாகவே இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போகும். வாலை மட்டும் எப்போதும் பாறைக்குள் ஊன்றி வைத்திருக்கும், முழுசாக வெளியே வருவது அபூர்வம். அதே குருணையைத் தேடி இன்னொன்று வந்தால் இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கும். இந்த வழியெங்கும் பவளங்கள் பாலிப்பை, அதாவது பூ மாதிரி விரியும் சதையை, விரித்துக்கொண்டுதான் இருக்கும், புழு அவற்றின் ஓரமாக உரசிக்கொண்டு போகும், ஒரு கடி கடிக்காது.

அந்தக் குருணை அங்கேயே கிடந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்தால்தான் இந்தப் புழுவின் மதிப்பு தெரியும். அழுகும், அழுகினால் அம்மோனியா வரும். கடல்நீரின் பிஹெச் 8.1, 8.3 என்று இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அதிக விஷம். ஒரு குருணைக்கே இப்படி என்றால், பாறைக்குள் போய்ச் செத்துக் கிடக்கும் மீனை நினைத்துப் பாருங்கள். சின்ன மீன் உடம்பு முடியாமல் போனால் பெரும்பாலும் ஏதாவது பொந்துக்குள்தான் ஒடுங்கும். பாறையைக் கலைக்காமல் அதை நம்மால் எடுக்கவே முடியாது, பல நேரம் அது செத்தது கூட நமக்குத் தெரியாது. நம் கை போகாத அந்த இடத்துக்குப் புழு போகும். நிறைய புழுக்கள் இருக்கிற தொட்டியில் ஒரு சின்ன மீன் ராத்திரி செத்தால் காலையில் முள் மட்டும் கிடைக்கும், சில சமயம் அதுவும் கிடைக்காது. செத்த நத்தையின் ஓட்டுக்குள் சுருண்டு புகுந்து, கடைசி மடிப்பு வரைக்கும் வழித்துத் தின்றுவிட்டு வரும். நண்டு, இறால் எல்லாம் இதே வேலையைச் செய்யும்தான், ஆனால் அவை நுழைய முடியாத விரிசலுக்குள்ளும் நுழைகிற உடம்பு இதற்குத்தான் இருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். புழு தின்றுவிட்டதால் அந்தக் குப்பை தொட்டியை விட்டே மாயமாகிவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. தின்றதில் ஒரு பங்கு புழுவின் உடம்பாகிறது, மிச்சம் கழிவாகத் தண்ணீருக்கே வருகிறது. ஆனால் ஒரே ராத்திரியில் மொத்தமாக அழுகித் தண்ணீரைக் கெடுக்க வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வருகிறது, அதைப் பாறையிலும் மணலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்ற நேரம் கிடைக்கிறது, கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கும் ஸ்கிம்மர் கருவிக்கும் நேரம் கிடைக்கிறது. அந்த நேரம்தான் மீனைக் காப்பாற்றுகிறது. இது போக, புழுக்கள் மணலுக்குள் ஊர்ந்து ஊர்ந்து அதைக் கிளறிக்கொண்டே இருப்பதால் மேல்மணல் இறுகிப் போகாமல் இருக்கும், ஆக்சிஜன் உள்ள தண்ணீர் கீழே இறங்கும். நம் கையால் மணலைக் கிளறினால் ஒரேயடியாக அழுக்கெல்லாம் கிளம்பி வரும், புழு கிளறுவது அப்படி இல்லை.

சரி, அப்புறம் ஏன் இத்தனை பேர் பவளத்தைப் புழு தின்றது என்று சத்தியம் செய்கிறார்கள்? தின்பதைக் கண்ணால் பார்த்ததால்தான். பார்த்தது பொய் இல்லை, ஆனால் அவர்கள் பார்த்தது கடைசிக் காட்சியை மட்டும். எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவரின் தொட்டியில் டிரைடாக்னா சிப்பி ஒன்று இருந்தது, பெரிய சிப்பி, நீலமும் பச்சையுமாக. ஒரு நாள் காலையில் அதற்குள் புழுக்கள் மொய்த்துக் கிடந்தன, சிப்பியின் சதை பாதி காணோம். அன்றைக்கே புழுப்பொறி வாங்கி வைத்தார். அவரிடம் பேசிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதற்குப் பல நாள் முன்பிருந்தே சிப்பியின் விளிம்புச் சதை சரியாக விரியவில்லை, நடுத்துளை அகலமாகத் திறந்தே கிடந்தது, மேலே நிழல் பட்டால்கூடச் சட்டென்று மூடிக்கொள்ளவில்லை. அதெல்லாம் சாகப்போகிற சிப்பியின் அறிகுறி. வெளிச்சம் போதாமல் போயிருக்கலாம், அல்லது சிப்பியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பிரமிட் நத்தைகள் வந்திருக்கலாம். அரிசி மணி அளவுதான் இருக்கும் அந்த நத்தைகள், அவையும் ராத்திரியில்தான் வேலையைக் காட்டும், ஆனால் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. அழுகல் வாசனை தண்ணீரில் பரவிய பிறகு வந்து சேர்ந்த புழு மட்டும் கண்ணில் படுகிறது. பவளத்திலும் இதே கதைதான். ஒரு பக்கம் சதை கருகி உரிந்துகொண்டிருந்தால் அந்தச் செத்த சதைக்குப் புழு வரும். புழுவைப் பிடித்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால், அந்தப் பவளத்தைக் கொன்றுகொண்டிருந்த உண்மையான காரணம் அப்படியே தொட்டியில் இருக்கும், அடுத்த பவளத்தையும் கொல்லும். காரத்தன்மை ஏறி இறங்கியதா, உப்பு கூடியதா, பக்கத்துப் பவளம் தேள் மாதிரி இதைக் கொட்டியதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் ஆள் தவறான எதிரியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு புகார், புழு பெருகிவிட்டது என்பது. பெருகும். ஆனால் எதைத் தின்று பெருகுகிறது? தொட்டியில் மீந்துபோகிற தீவனத்தைத் தின்றுதான். இரண்டு மூன்று மீனுக்கு ஒரு கைப்பிடி போட்டால் மிச்சமெல்லாம் புழுவுக்குத்தான். தீவனத்தைக் குறைத்தால், உறைந்த தீவனத்தைக் கழுவிப் போட்டால், பாறைக்குப் பின்னால் நீரோட்டமே இல்லாத மூலைகளுக்கு ஒரு பம்பைத் திருப்பி விட்டால், புழுக்களின் எண்ணிக்கை தானாக இறங்கும். கொன்று குறைத்தால் அடுத்த சில வாரத்தில் அதே எண்ணிக்கைக்கு வந்து நிற்கும், ஏனென்றால் சோறு அப்படியே இருக்கிறது. அதிலும் பாறையிலிருந்து பிடித்து இழுத்து அறுத்தால் இன்னும் மோசம், யூரிதோ புழு துண்டானால் துண்டுகள் மறுபடி வளரக்கூடியவை, அது இனம்பெருக்கும் வழிகளில் ஒன்றே அதுதான். தொட்டியில் எத்தனை புழு இருக்கிறது என்பதை நான் தண்ணீர்ப் பரிசோதனை மாதிரிதான் எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு அடையாளமும் உண்டு, பட்டப்பகலில் புழுக்கள் கூட்டமாகக் கண்ணாடி மேல் ஏறி நீர்மட்டத்தை நோக்கிப் போனால் உடனே ஆக்சிஜனைக் கவனியுங்கள், பம்பு நின்றிருக்கும், அல்லது உள்ளே ஏதோ பெரிதாக அழுகிக்கொண்டிருக்கும். மீன் மூச்சுத் திணறுவதற்கு முன்பே இது தெரிந்துவிடுவதுண்டு. ஆனால் ராத்திரியில் பாறை மேல் ஏறி உடம்பைத் தூக்கி நிறுத்திக்கொண்டு புகை மாதிரி ஒன்றை விட்டால் பயப்பட வேண்டாம், அது முட்டையும் விந்தும். ஸ்கிம்மரும் வடிகட்டியும் பார்த்துக்கொள்ளும்.

இனி, கெட்ட புழுவே கிடையாதா என்றால், உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உங்கள் கட்டுரையாளர் செய்ததையே மறுபக்கத்திலிருந்து செய்தவன் ஆவேன். ஹெர்மோடைஸ் கருங்குலாட்டா என்று ஒரு நெருப்புப் புழு இருக்கிறது. அட்லாண்டிக், கரீபியன், மத்தியதரைக் கடல் பகுதிகளில் வாழ்வது. இது உயிருள்ள பவளத்தைத் தின்னும். கிளைப்பவளத்தின் நுனியை அப்படியே வாய்க்குள் வாங்கி, சதையை உறிஞ்சிவிட்டு வெள்ளை எலும்பாக விட்டுவிட்டுப் போகும், கடல் விசிறியையும் கடல் சாமந்தியையும் தின்னும். 30 சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். உடம்பு பருமனாக, தட்டையாக இருக்கும், சுணைக்குப் பக்கத்தில் சிவப்புச் செவுள் கொத்துகள், தலைமேல் மடிப்பு மடிப்பாக ஒரு சதை. நம் யூரிதோவும் இதுவும் ஒரே குடும்பம், அதனால்தான் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். இந்த இரண்டையும் 1766-ல் முதலில் விவரித்து எழுதியவர் ஒரே ஆள்தான், பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற இயற்கை ஆய்வாளர். அன்றைக்கு அவரே இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார், பின்னால் வந்தவர்கள் பிரித்தார்கள். பிரித்து இவ்வளவு காலம் ஆன பிறகும் ஒன்றின் குற்றத்தை இன்னொன்றின் தலையில் கட்டுவது நியாயமா? தொட்டிக்காக இந்தோ-பசிபிக் கடலிலிருந்து எடுத்து வரும் பாறைகளோடு சேர்ந்து வரும் புழுக்களில் ஹெர்மோடைஸை எதிர்பார்க்கத் தேவையில்லை. அட்லாண்டிக் பக்கத்துப் பாறை வாங்குகிறவர்கள்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து யூனிஸ் குடும்பம். இவற்றுக்கு அந்த வெள்ளைச் சுணைக்கொத்து கிடையாது, உடம்பு எண்ணெய் பட்ட தண்ணீர் மாதிரி பல நிறத்தில் மினுங்கும், தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருக்கும், கூடவே பலமான தாடை. பாபிட் புழு என்று பயமுறுத்திப் பேசுகிறார்களே, அது இந்தக் குடும்பம்தான், 3 மீட்டர் வரை வளரக்கூடியது. 2009-ல் இங்கிலாந்தின் நியூகி நகரில் ப்ளூ ரீஃப் என்ற கடல்வாழ் காட்சியகத்தில் பவளங்கள் ராத்திரி ராத்திரியாகச் சேதமாகிக்கொண்டே இருந்தன, கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது 4 அடி நீளத்துக்கு ஒரு புழு அகப்பட்டது. அந்தச் செய்தியும் படமும் உலகம் பூராவும் பரவியது, அதிலிருந்து தொட்டியில் எந்தப் புழுவைப் பார்த்தாலும் அதுதான் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தலையைப் பாருங்கள், உணர்கொம்பை எண்ணுங்கள், பக்கவாட்டில் சுணைக்கொத்து இருக்கிறதா என்று பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினாலே தெரிந்துவிடும். யூனிஸ் என்று உறுதியானால் அந்தப் பாறையையே வெளியே எடுத்து ஒரு வாளியில் தனியாக வைத்துப் பிடியுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரையின் வரி ஒருவரை நேராக அங்கேதான் கொண்டு போய் விடும். நாய்க்கும் மாட்டுக்கும் குடற்புழு நீக்கக் கொடுக்கும் ஃபென்பெண்டசோலைத் தொட்டியில் கலக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது புழுவைக் கொல்லும், உண்மைதான். கூடவே ஃபெதர் டஸ்டர் சாகும், நத்தைகள் சாகும், சில மென்பவளங்கள் சுருங்கிப் போகும். பாறைக்குள் ஊறிய மருந்து தண்ணீர் மாற்றிய பிறகும் நெடுநாள் அங்கேயே இருக்கும். இது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பாறைக்குள் இருந்த அத்தனை புழுவும் ஒரே சமயத்தில் செத்து அழுகும். அவற்றைத் தின்று சுத்தம் செய்யப் புழு இருக்காது. இப்படி மருந்து போட்டு, இரண்டாம் நாளே மீன்களையும் இழந்து, அதற்கும் புழு விட்ட விஷம்தான் காரணம் என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். மனசு வலித்தது.

எண்ணிக்கை உண்மையிலேயே தொந்தரவாகிவிட்டால், தீவனத்தைக் குறைத்தும் சரியாகவில்லை என்றால், மருந்தில்லாத வழி இருக்கிறது. ஒரு துண்டு இறால் சதையைப் பழைய நைலான் காலுறையில் சுற்றி விளக்கணைக்கும் நேரத்தில் மணல் மேல் வையுங்கள், ராத்திரியில் தின்ன வரும் புழுக்களின் சுணை அந்த வலையில் சிக்கிக்கொள்ளும், விடிவதற்குள் அப்படியே எடுத்துவிடலாம். ஒரு அளவுக்கு எடுத்தால் போதும், எல்லாவற்றையும் எடுக்க முயலாதீர்கள். சிக்ஸ் லைன் ராஸ் என்ற மீன், ஆரோ நண்டு, கோரல் பேண்டட் இறால் எல்லாம் புழுக்களைத் தின்னும்தான், ஆனால் புழுவுக்காக மட்டும் இவற்றை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ராஸ் வளர வளரப் புதிய மீன்களை விரட்டும், ஆரோ நண்டு பெரிதானால் ஃபெதர் டஸ்டரையும் சின்ன மீனையும் விடாது. இல்லாத பிரச்சினைக்காக இருக்கிற அமைதியைக் கெடுத்துக்கொள்வானேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கட்டுரையாளர் சொன்னதை நான் முழுசாக ஏற்கிறேன், வெறும் கையால் தொடாதீர்கள் என்றாரே, அது. அந்தச் சுணை சுண்ணாம்பால் ஆனது, உள்ளே காலியாக இருக்கும், தோலில் குத்தியதும் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். யூரிதோவின் உடம்பிலிருந்து காம்ப்ளனைன் என்று தோலை வீங்க வைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். குத்தினால் எரியும், அரிக்கும், ஒரு நாள் இரண்டு நாள் விரல் மரத்த மாதிரி இருக்கும். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை மேலே அழுத்தி ஒட்டி உரித்தால் பெரும்பாலான சுணை அதோடு வந்துவிடும், அப்புறம் வினிகரில் நனைத்த பஞ்சை வைக்கலாம். அந்தக் கையைக் கண்ணருகே கொண்டு போகாதீர்கள். வீக்கம் பரவினாலோ மூச்சு வாங்கினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். பாறையைத் தூக்கும்போது கையுறை போட்டுக்கொண்டால் இந்தக் கதையே வராது. அது தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் சுணை, நம்மைத் துரத்தி வந்து குத்துவதில்லை.

இப்போது நிறைய பேர் கடலிலிருந்து உயிர்களோடு வரும் பாறைக்குப் பதிலாக, உயிர் எதுவும் இல்லாத காய்ந்த பாறையை வைத்துத் தொட்டி தொடங்குகிறார்கள். ஒரு புழுகூட இல்லாமல் சுத்தமாகத் தொடங்குவது நல்லதுதானே என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட தொட்டிகளில் முதல் வருடம் பூராவும் பழுப்புப் பாசியும், பாறைக்குப் பின்னால் மட்கிய குப்பையும் எவ்வளவு படுத்தும் என்பது வைத்தவர்களுக்குத் தெரியும். புழு இல்லாதது மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் குப்பையைத் தின்ன ஆளில்லாததும் ஒரு காரணம். அனுபவப்பட்டவர்கள் பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலும், புழுவோடு சேர்ந்த ஒரு சின்னப் பாறைத் துண்டும் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். நானும் கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன், யூனிஸ் இல்லை என்று பார்த்த பிறகுதான்.

ஆகவே ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்தத் தொடர் இன்னும் சில வாரம் வரும் என்று போட்டிருந்தீர்கள். அடுத்த பகுதியில் அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுங்கள், முடிந்தால் யூரிதோ, ஹெர்மோடைஸ், யூனிஸ் மூன்றின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், தலையும் பக்கவாட்டுச் சுணையும் தெளிவாகத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக. கறுப்பு வெள்ளையில் போட்டால் பிரயோசனம் இல்லை, வண்ணப் பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

அன்புடன்,
பவளத் தொட்டி வளர்க்கும் வாசகர் ஒருவர்